நாடாவும் நாடியும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரைச் சேவிக்க அத்திகிரி ஏற வேண்டும். பெயரில்தான் மலை, ஏறுவது 24 படி. காயத்ரியின் 24 எழுத்து என்று அதற்குக் கணக்குச் சொல்வார்கள். போன மாதம் நான் அந்தப் படிகளை வேறொரு கணக்கோடு ஏறினேன். கீழே நின்று மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 78. மேலே போனதும் எண்ணினேன்: 116. வரிசை நகராமல் நின்றது வசதியாகப் போயிற்று. ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன்: 98. பின்னால் நின்ற மாமி, எனக்கு ஏதோ முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

முடியாமல் இல்லை. 52 வயதில் என் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலை. மூன்று எண்ணில் எது அதைச் சொல்கிறது? கடிகாரம் கட்டிக்கொண்டு காலை நடை போகிறவர்களைக் கேட்டால் நடு எண்ணைக் காட்டுவார்கள். ‘இன்னைக்கு 150 தொட்டுட்டேன் சார்’ என்பதில் ஒரு பெருமை. நாடி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு பயிற்சி என்று நினைப்பு. ஆனால் இரண்டு பேர் ஒரே படியை ஒரே வேகத்தில் ஏறி, ஒருவருக்கு 100-ம் மற்றவருக்கு 140-ம் வந்தால், தெம்பானவர் 100 வந்தவர்தான். ஏறியது எவ்வளவு குறைவு, இறங்கியது எவ்வளவு வேகம்: இந்த இரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

இதைப் பேசக் காஞ்சிபுரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்த ஊரில் இரண்டு விதமான உழைப்பு அடுத்தடுத்த தெருவில் இருக்கிறது. ஒன்று உட்கார்ந்து செய்வது, இன்னொன்று தோளில் சுமந்து நடப்பது.

முதலில் உட்கார்ந்த உழைப்பு. பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தறிச் சத்தம் இன்னும் கேட்கும். குழித்தறியில் காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா பாயும். பலகையை இழுத்து அடித்தால் ஊடை இறுகும். மறுபடி மிதி, மறுபடி நாடா. கோர்வை போட்டு நெய்கிற சேலை என்றால் கரைக்குத் தனி நாடா. அதை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை இதுதான். தோள் இறுகும், இடுப்பு பிடிக்கும், முழங்கால் மரத்துப்போகும். இவர்களிடம் போய் ‘கொஞ்சம் நடங்க’ என்று டாக்டர் சொன்னால், ‘நாள் பூரா தறி மிதிக்கிறேன், இதுக்கு மேல என்னத்தை நடக்கிறது’ என்று பதில் வரும். நியாயமான பதில்தான். களைப்பு பொய்யில்லையே.

ஆனால் களைப்புக்கும் இதய பலத்துக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. உடலியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: ஒரே அளவு ஆக்சிஜன் செலவாகிற வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்தால் நாடி கூடுதலாக ஏறும், ரத்த அழுத்தமும் கூடும். கையின் தசை சிறியது. கால் தசை சுருங்கும்போது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பப் பிழிந்து அனுப்புகிறதே, அந்த உதவி கை வேலையில் குறைவு. அதனால் கை அசைவுக்கு நாடி எகிறும். இதயத்துக்குக் கிடைக்கிற பயிற்சியோ அற்பம். இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும், ஜரிகை மாற்ற வேண்டும், டிசைன் அட்டையைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் மூச்சு வாங்குகிற உழைப்பு தறியில் அமைவதில்லை. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போதுதான் கொஞ்சம் நடை உண்டு.

இனி இரண்டாவது உழைப்பு. வரதரைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும். கத்திரி வெயிலில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும். பெருமாள் சில இடத்தில் நிதானமாக வருவார், சில இடத்தில் ஓட்டமாக ஓடுவார்; ஓடுவது தாங்கிகளின் கால்தான். மாட்டுப் பொங்கலையொட்டிப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை. காஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், அங்கே ஒரு சிறு மலை ஏற்றம், பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். (திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 11-ம் நூற்றாண்டு மருத்துவமனை! மூச்சு வாங்கி வந்து சேர்கிறவர்களுக்குப் பொருத்தமான இடம்தான்.)

புறப்பாட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெருமாளுக்கு முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி பாசுரம் சொல்லிக்கொண்டே நடக்கும். தாங்கிகள் வாய் திறக்க மாட்டார்கள். திறக்க மூச்சு இருக்காது. உடற்பயிற்சி நிபுணர்கள் பேச்சுச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது பாட்டே பாட முடிந்தால் உழைப்பு லேசு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடினம். கோஷ்டிக்கும் தாங்கிக்கும் நடுவில் எங்கேயோ நடந்தால் போதும் என்பதுதான் அந்தச் சோதனையின் சாரம். கடிகாரமே தேவையில்லை.

உட்கார்ந்த உழைப்பையும் நடமாடும் உழைப்பையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சி லண்டன் பஸ்ஸில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் லண்டன் போக்குவரத்து ஊழியர்களை எடுத்துக்கொண்டார். சுமார் 31,000 பேர். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கத் தினமும் 500-க்கும் மேற்பட்ட படி ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே ஊர். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் திடீர்ச் சாவு குறைவு. 1953-ல் லான்செட் இதழில் இது வெளியானபோது மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. மாரிஸ் நேர்மையான மனிதர். தன் முடிவைத் தானே சந்தேகித்து, ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெரிதாக இருந்தது தெரிந்தது. அதையும் எழுதி வெளியிட்டார். இருந்தாலும் உழைப்பின் பங்கு அடிபட்டுப் போகவில்லை. தபால்காரர்களையும் மேசை குமாஸ்தாக்களையும் பார்த்தபோதும் அதே கதைதான். மாரிஸ் 2009-ல் 99 வயதில் காலமானார்.

அந்தக் கணக்கில் நம் நெசவாளர் டிரைவர் இருக்கையில் இருக்கிறார். தாங்கியைக் கண்டக்டர் என்று சொல்லிவிட ஆசைதான், ஆனால் அது சரிவராது. தோளில் பாரம் அழுத்தும்போது தசை இறுகியே இருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். உற்சவம் இல்லாத நாளில் அவரும் வேறு பிழைப்புப் பார்க்கிற சாதாரண மனிதர். வருஷத்தில் சில நாள் பாரம் சுமப்பது பக்தி. அது பயிற்சி ஆகாது. தினமும் படி ஏறுகிற கண்டக்டருக்கு நம் ஊரில் இணை தேடினால், பால் போடுகிறவரும் தள்ளுவண்டிக்காரரும்தான் அகப்படுவார்கள்.

சரி, நடக்கிறவர் இதயத்துக்குள் என்ன மாறுகிறது? ஓய்வில் இருக்கும் உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வேண்டும். பயிற்சி இல்லாத இதயம் ஒரு துடிப்பில் 70 மில்லி அனுப்பும். 72 முறை துடித்தால் கணக்குச் சரி. பல மாதம் ஓடியோ நடந்தோ பழகிய இதயம் ஒரே துடிப்பில் 100 மில்லி அனுப்பினால் 50 துடிப்பு போதும். கைவாகு வந்தவர் ஒரே இழுப்பில் முடிப்பதைப் புதிதாகப் பழகுகிறவர் இரண்டு இழுப்பில் முடிப்பது போல. 72-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தை 1440 நிமிடத்தால் பெருக்கிப் பாருங்கள்: நாளைக்கு 31,680 துடிப்பு மிச்சம். ஒரு மணி நேரப் பயிற்சியில் நாடி 130-க்குப் போவதால் கூடுதலாகச் செலவாவது 5,000-க்கும் குறைவு. லாபக் கணக்குதான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. பல வருஷமும் ஆவதில்லை. முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப் பகுதி கூடுகிறது, இதயம் ஒவ்வொரு தடவையும் நன்றாக நிரம்புகிறது. பிறகு இடது கீழறை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து பலப்படுகிறது. துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியும் இறுகுகிறது. தசைகளும் வருகிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை முன்பைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதனால்தான் அதே படி, அதே வேகம், ஆனால் குறைந்த நாடி.

பயிற்சியால் மாறாத எண் ஒன்றும் உண்டு: உச்சத் துடிப்பு. அது பெரும்பாலும் வயதோடு இறங்குவது. 220-லிருந்து வயதைக் கழி என்று ஜிம் சுவரில் எழுதி வைத்திருப்பார்களே, அது 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் பழைய தரவுகளைச் சேர்த்து உத்தேசமாகப் போட்ட கோடு. 2001-ல் டனாகா குழுவினர் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து வேறொன்று சொன்னார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழியுங்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே வரும். 70 வயதில் பழைய கணக்கு 150, புதியது 159. எந்தக் கணக்கானாலும் ஆளுக்கு ஆள் 10 துடிப்பு முன்பின் இருப்பது சகஜம். ஆகவே ‘என் வயசுக்கு 168 தாண்டக் கூடாதாமே, தாண்டிடுச்சே’ என்று பதறுவதும், ‘தாண்டிட்டேன்’ என்று மீசை முறுக்குவதும் ஒன்றுதான்.

ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் இதைவிட எளிதாக ஒன்று செய்தார். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நடக்கிறவரையே கேட்டு, 6 முதல் 20 வரை மதிப்பெண் போடச் சொன்னார். ஏன் 6-ல் ஆரம்பிக்க வேண்டும்? சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளைஞர்களிடம் ஏறக்குறைய நாடி வந்துவிடும். சும்மா இருந்தால் 6, அதாவது 60. ‘கொஞ்சம் கஷ்டம்’ 13, அதாவது 130. உடம்பு தன் நாடியை ஓரளவு தானே அறிந்து வைத்திருக்கிறது.

இப்போது என் மூன்றாவது எண்ணுக்கு வருகிறேன். 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2,428 பேரை டிரெட்மில்லில் முடிந்த மட்டும் நடக்க, ஓட வைத்து, உச்சத்திலிருந்து ஒரு நிமிடத்தில் நாடி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தார்கள். பிறகு ஆறு ஆண்டு கவனித்தார்கள். 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களிடம் இறப்பு அதிகம்; வயது, சர்க்கரை, புகை என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் அந்த வேகஸ் நரம்புதான். உழைப்பு நின்ற கணமே பிரேக் போடுகிற வேலை அதனுடையது. அந்த 12 என்ற எண் உச்ச உழைப்பிலிருந்து அளந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 24 படி ஏறி எனக்கு 18 இறங்கியது என்று நான் கொண்டாடினால் தப்பு. ஆனால் அதே படியில் அடுத்தடுத்த மாதம் என்னோடு என்னையே ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அளவுகோல்.

நாடி நடையை மட்டும் எண்ணுவதில்லை, எல்லாவற்றையும் எண்ணுகிறது என்பதுதான் சிக்கல். வைகாசி வெயிலில் அதே தூரம் நடந்தால் தை மாதத்தைவிடக் கூடும். ரத்தம் தோலுக்கும் ஓட வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் போகிறது. டீ, தூக்கமின்மை, காய்ச்சல், கடன்காரர் போன் எல்லாம் கூட்டும். வயிறு முட்டக் கோயில் இட்லி சாப்பிட்டுவிட்டு எண்ணாதீர்கள். செரிமானமும் இதயத்திடம்தான் பங்கு கேட்கும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவர்கள் 220 கணக்கை மறந்துவிட்டுப் பேச்சுச் சோதனையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பெண்கள் விஷயத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஆள் குறைந்தால் இருக்கிற ஆள் கூடுதல் நடை நடக்க வேண்டும். இதயம் வேகமாக அடிக்கும். நூல் சுற்றுவதும் கோர்வைக்குக் கை கொடுப்பதும் முடித்துவிட்டு, அடுப்படிக்கும் போகிற பெண் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்து நின்றால், ‘உடம்பு வணங்கலை’ என்று சொல்கிற வீட்டாரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு முதலில் வேண்டியது ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும். நடை அதற்குப் பிறகு.

எப்படி எண்ணுவது? நம் சித்த வைத்தியர்கள் கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். அவர்கள் கவனிப்பது நாடியின் நடையை. நமக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும். இடமும் விரலும் அதேதான். சும்மா இருக்கும் நாடிக்குக் காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நடந்து நின்றதும் எண்ணுவதென்றால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் நாடி இறங்கிவிடும். கழுத்தில் இரு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது.

கைக்கடிகாரம் பச்சை விளக்கைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. சும்மா இருக்கும்போது நன்றாகவே காட்டும். கை ஒரே தாளத்தில் அசைந்தால் சில நேரம் இதயத்தை விட்டுவிட்டு அந்த அசைவை எண்ண ஆரம்பித்துவிடும். தறியில் உட்கார்ந்தவர் கட்டிக்கொண்டால் நாடியை எண்ணுகிறதா, நாடாவை எண்ணுகிறதா என்று அதற்கே குழப்பம் வரலாம். மூவாயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. தினம் அரை மணி, ஐந்து நாள். தமிழக அரசு 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் நெசவாளருக்கு எட்டு கிலோமீட்டர் எதற்கு? ஒரு சேலை இறங்கினால்தான் கூலி என்கிற பிழைப்பில் விடிகாலை நேரம் விலை உள்ளது. தறியை விட்டு எழுந்து பத்து பத்து நிமிடமாக மூன்று முறை வேகமாக நடந்தாலும் அதே அரை மணிதான். குழியில் மடங்கிய முழங்காலுக்கும் அது மருந்து. ஏகாம்பரநாதர் கோயில் வெளிப் பிராகாரம் வெயில் ஏறும் முன் நடப்பதற்கு என்றே கட்டியது போல் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் நூலும் ஜரிகையும் கொடுக்கிற நாளில் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க ஒரு நர்ஸை உட்கார வைத்தால் செலவு பெரிதாக ஆகிவிடாது. சங்கத் தலைவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கை வலி, கண் இருட்டல் வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு உட்காருங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சும்மா இருக்கும்போதே நாடி நாள் கணக்கில் 100-க்கு மேல் நின்றாலும், பயிற்சி எதுவும் இல்லாமல் 50-க்குக் கீழே இறங்கித் தலை சுற்றினாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றவர்கள் நாளைக் காலையே ஆரம்பிக்கலாம். தெரிந்த ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் படியோ, வீட்டு மொட்டைமாடிப் படியோ, ஏதோ ஒன்று. வழக்கமான வேகத்தில் ஏறி, நின்றதும் ஒரு எண், ஒரு நிமிடம் கழித்து ஒரு எண். கூலிக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு வாரம் நடந்துவிட்டு, அதே படியில், அதே நேரத்தில் மறுபடி எண்ணி, பக்கத்தில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வரி எழுதியாயிற்று: 116, 98.